காலில்லாத அரணையும் காட்டு அதிகாரியும்

(அறிஞர் வரலாறு பகுதி)



முதல்ல ஒரு கேள்வி. மலைக்காட்டில் ஒரு கல்லைப் புரட்டுறோம்னு வச்சுக்கோங்க. கீழே ஈர மண். அதில் நீளமா, பளபளன்னு, கால் கை எதுவுமே இல்லாத ஒரு உயிர் நெளிஞ்சு போகுது. அது என்ன?

எங்க வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். பாம்பு, மண்ணுளி, பெரிய மண்புழு என்று மூன்று விடைகள் வந்தன. அரணை என்று ஒருத்தர்கூட சொல்லலை. ஆனா கால் இல்லாத அரணைன்னு ஒன்று நிஜமாவே இருக்கு. நம்ம நாட்டிலேயே, கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கு. அப்படி ஒன்று இருப்பதை 1870-ஆம் ஆண்டு முதன்முதலில் எழுதி வைத்தவர் ஒரு வனத்துறை அதிகாரி. அவர் பெயர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். இந்தத் தடவை நான் அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம்ம பலகையில் அறிஞர்னா பெரும்பாலும் எடிசன், நியூட்டன், சர் சி. வி. ராமன், அப்துல் கலாம் வருவாங்க. எல்லாரும் பெரியவங்கதான். ஆனா இவர் நம்ம சேர்வராயன் மலை, ஆனைமலை, நீலகிரி, பழனிமலை உயிர்களை எழுதினவர். செடிகளைப் பற்றியும் பாம்பு பல்லிகளைப் பற்றியும் படிக்கிறவங்க எந்த நாட்டில் இருந்தாலும் இவர் பெயரைத் தாண்டாமல் போக முடியாது. நம்ம மலைக்காரர் மாதிரி ஆகிவிட்டவரை நமக்குத் தெரியாம இருக்கலாமா?

சட்டம் வேண்டாம், கப்பல் ஏறுகிறேன்!

பெடோம் 1830 மே 11 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். அவர் அப்பா லண்டனில் வழக்கறிஞர். மூத்த பையன் என்பதால் அவரையும் சட்டம் படிக்க வைத்தார்கள். சார்ட்டர்ஹவுஸ் என்ற புகழ்பெற்ற பள்ளியில் படித்தார். ஆனா சட்டப் புத்தகத்தில் அவர் மனசு ஒட்டவில்லை. 1848-இல், 18 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். 18 வயசுன்னா நம்ம பள்ளியில் பிளஸ் டூ முடிக்கிற அண்ணன்களின் வயசு. அந்த வயசில் கடல் தாண்டித் தெரியாத ஊர், தெரியாத மொழி!

அவர் சேர்ந்தது 42-ஆவது சென்னைக் காலாட்படை. ஜபல்பூரில் படைக்குத் தேவையான பொருள்களைக் கவனிக்கும் வேலையும், மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையும் பார்த்தார். அதாவது, வந்த கொஞ்ச வருஷத்துக்குள் நம் நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டார். ஒரு ஊருக்குப் போனா அந்த ஊர்க்காரங்க பேசறதைப் புரிஞ்சுக்கணும் என்பது பின்னாளில் காட்டு வேலையில் அவருக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

காடு எதற்கு, ரயிலுக்கா?

1856-ஐ இரண்டு விஷயத்துக்காக ஞாபகம் வச்சுக்கலாம். அந்த வருஷம்தான் சென்னை ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே வருஷம்தான் சென்னை மாகாணத்தில் வனத்துறை தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கு மரம் வேணும். என்ஜின் எரிக்க விறகு வேணும். கப்பல் கட்டத் தேக்கு வேணும். இப்படியே வெட்டினா காடு மிஞ்சாது என்ற பயம் அரசுக்கு வந்தது. அதனால் காட்டைக் கணக்கெடுத்துக் காக்க ஒரு துறை வேண்டியிருந்தது.

அதன் முதல் தலைவர் ஹ்யூ கிளெக்கார்ன். அவர் ஒரு மருத்துவர். அவருக்கு உதவியாளர்கள் தேவைப்பட்டபோது படையிலிருந்து வந்து சேர்ந்தவர்களில் ஒருவர்தான் பெடோம். கிளெக்கார்னுக்குப் பிறகு அந்தத் துறையின் தலைமைப் பொறுப்பு பெடோமுக்கு வந்தது. 1882 வரை அந்தப் பணியில் இருந்தார். படையில் சேர்ந்த நாளிலிருந்து கூட்டிப் பாருங்க, 34 வருஷம்!

அண்ணாந்து பார்ப்பது சம்பள வேலை

வன அதிகாரிக்கு அப்போது என்ன வேலை? எந்த மலையில் எந்த மரம் இருக்கு, அது எதுக்கு உதவும், எவ்வளவு வெட்டலாம், எதை விட்டு வைக்கணும் என்று தெரியணும். அதற்குக் காட்டுக்குள்ளே போய்த்தான் ஆகணும். மலைகளுக்குக் குதிரையிலும் கால் நடையாகவும் போக வேண்டியிருந்த காலம். அட்டைக்கடி, மலைக்காய்ச்சல், யானை எல்லாம் இருந்த காடு.

மரங்களைப் பார்த்துக் கணக்கு மட்டும் எழுதிவிட்டு அவர் நின்றிருக்கலாம். ஆனா அவர் ஒவ்வொரு மரத்தின் இலை, பூ, காய், விதை எல்லாவற்றையும் விவரமாக எழுதினார். 1869-இல் தொடங்கிப் பகுதி பகுதியாக, தென்னிந்தியக் காட்டு மரங்களைப் பற்றிய பெரிய நூலைப் படங்களோடு சென்னையில் வெளியிட்டார். அதன் பெயர் ஃப்ளோரா சில்வாட்டிகா. பெரணிச் செடிகளைப் பற்றி 1863 முதலே தனியாக நூல்கள் எழுதினார். பூக்காத, காய்க்காத, யாரும் விலைக்கு வாங்காத பெரணியை ஒரு வன அதிகாரி எதுக்கு எழுதணும்? அங்கேதான் இவர் யார் என்று தெரிகிறது. அரசுக்கு வேண்டியது தேக்கு. இவருக்குப் பெரணியும் வேண்டியிருந்தது.

குனிந்து பார்ப்பது சொந்த ஆசை

மரத்தை அண்ணாந்து பார்க்கணும். அது அவர் வேலை. ஆனா அவர் கல்லுக்கு அடியிலும், மக்கிய மரத்துக்கு அடியிலும், இலைச் சருகுக்கு அடியிலும் குனிஞ்சு பார்த்தார். அதைச் செய்யச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை.

அப்படிப் பார்த்தபோது கிடைத்ததுதான் மண்ணுக்குள் வாழும் பாம்புகள். வால் நுனி சின்னக் கேடயம் மாதிரி இருக்கும். விஷம் கிடையாது. மழைக் காலத்தில் மலைப் பாதையில் சில சமயம் வெளியே வரும். தலை எது, வால் எது என்று சட்டென்று தெரியாததால் நம்ம ஊர்ப் பக்கம் இதையும் இருதலைப் பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். இந்த வகையில் மட்டும் ஒரு டஜனுக்கு மேற்பட்ட இனங்களைப் பெடோம்தான் முதலில் விவரித்து எழுதினார்.

இதில் நாம் பெருமைப்பட ஒன்று இருக்கு. எங்க ஊர் மொட்டை மாடியில் நின்றால் தெரிகிறதே சேர்வராயன் மலை, அங்கிருந்து கிடைத்த ஒரு மண் பாம்பை 1863-இல் அவர் எழுதினார். பழனிமலைப் பாம்பு ஒன்றும் அதே வருஷம்தான். 1877-இல் சிறுமலையில் கிடைத்த ஒரு பாம்புக்குத் திண்டுக்கல் பெயரையே வைத்தார்! இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தப் பாம்பின் அறிவியல் பெயரில் நம்ம திண்டுக்கல் இருக்கு. பூட்டுக்கும் பிரியாணிக்கும் மட்டும்தான் திண்டுக்கல் என்று நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்க கவனிக்கவும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பூனை மாதிரி நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் அரணை வகை ஒன்று இருக்கு. அதிலும் ஓர் இனத்தை 1870-இல் பெடோம்தான் விவரித்தார்.

கோல்கொண்டா மலையில் கிடைத்தது

இப்போ நம்ம காலில்லாத அரணைக்கு வருவோம். கோல்கொண்டா என்றதும் ஐதராபாத் கோட்டையை நினைக்காதீங்க. இது வேற. இன்றைய ஆந்திராவில் விசாகப்பட்டினம் பக்கம், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் கோல்கொண்டா மலை. அன்றைக்கு அதுவும் சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்தது. அங்கேதான் பெடோமுக்கு அந்த உயிர் கிடைத்தது.

முதல் பார்வைக்குப் பாம்பு. முன்னங்கால் இல்லை, பின்னங்கால் இல்லை. வேறு யாராவது இருந்தால் பாம்பு என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். பெடோம் உடம்பின் செதில்களையும் தலையின் அமைப்பையும் கவனித்து, இது அரணைக் குடும்பம் என்று கண்டார். அதுவரை தெரிந்த எந்த அரணையோடும் அது சேரவில்லை. அதனால் புதுப் பேரினம் ஒன்றையே உண்டாக்கி, செப்சோபிஸ் பங்க்டேட்டஸ் என்று பெயர் வைத்தார். முதல் சொல்லின் பின்பாதிக்குக் கிரேக்க மொழியில் பாம்பு என்று பொருள். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் புள்ளிகள் உடையது என்று பொருள்.

இதை அவர் எங்கே வெளியிட்டார் தெரியுமா? லண்டனில் இல்லை. சென்னையில் மருத்துவர்களுக்காக மாதாமாதம் வந்த ஓர் இதழில்! காய்ச்சல், பேதி, மருந்து என்று கட்டுரைகள் வரும் இதழில் ஒரு அரணையும் இடம்பிடித்தது. இதழ் பெருசா சிறுசா என்று பார்க்காமல், பார்த்ததைச் சரியா எழுதி வைத்தார். அது போதுமானதாக இருந்தது. 150 வருஷம் கழித்தும் விஞ்ஞானிகள் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கிறார்கள்.

பாம்பா, அரணையா?

எங்க உயிரியல் மிஸ்ஸிடம் கேட்டு எழுதியது:

1. பாம்புக்குக் கண் இமை கிடையாது. கண் சிமிட்டவே சிமிட்டாது. பெரும்பாலான பல்லி, அரணைகளுக்கு இமை உண்டு.

2. பெரும்பாலான பாம்புகளுக்கு வயிற்றுப் பக்கம் அகலமான பட்டைச் செதில்கள் ஒரே வரிசையாக இருக்கும். அரணைக்கு முதுகிலும் வயிற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சின்னச் செதில்கள்.

3. பாம்பின் நாக்கு நன்றாக இரண்டாகப் பிளந்திருக்கும். அரணையின் நாக்கு தட்டையானது, நுனியில் லேசான வெட்டு மட்டும்தான்.

4. பெரும்பாலான அரணைகள் ஆபத்து வந்தால் வாலைக் கழற்றிவிட்டு ஓடும். வால் மறுபடி வளரும். பாம்புக்கு அறுந்த வால் முளைக்காது.

(எச்சரிக்கை: இதைச் சோதிக்கிறேன்னு யாரும் எதையும் கையில் பிடிக்கக் கூடாது! மண்ணுக்குள் வாழும் சில பாம்புகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கல்லுக்கு அடியில் கை விடவும் கூடாது. சந்தேகம்னா நாலடி தள்ளி நிற்கணும்.)

சரி, கால் எங்கே போச்சு? மண்ணுக்குள்ளேயும் சருகுக்குள்ளேயும் புகுந்து போகும் உயிருக்குக் கால் இடைஞ்சல். தலைமுறை தலைமுறையாகக் கால் சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் இல்லாமல் போனது. அரணைக் குடும்பத்தில் இது ஒரு தடவை நடந்ததில்லை. உலகின் பல மூலைகளில் தனித்தனியாக நடந்திருக்கு. நம் நாட்டிலேயே ஒடிசாவின் சில்கா ஏரியில் உள்ள பர்குடா என்ற சின்னத் தீவில் இன்னொரு காலில்லாத அரணையை 1917-இல் நெல்சன் அன்னண்டேல் என்ற விஞ்ஞானி எழுதினார்.

நூறு வருஷம் காணோம்!

பெடோம் எழுதிய பிறகு அந்தக் கோல்கொண்டா அரணை என்ன ஆச்சு? நூறு வருஷத்துக்கும் மேலே அது உயிரோடு இருக்கா இல்லையா என்றே தெரியாமல் இருந்தது. பிறகு இந்த நூற்றாண்டில்தான் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

இதே மாதிரி இன்னொன்றும் நடந்தது. ஒடிசாவின் ஜெய்ப்பூர் மலையில் கிடைத்த ஒரே ஒரு தரைப் பல்லியை வைத்து 1877-இல் பெடோம் அதை விவரித்தார். 130 வருஷத்துக்கும் மேல் கழித்து நம் நாட்டு ஆய்வாளர்கள் போய்த் தேடி அதையும் கண்டுபிடித்தார்கள். எப்படித் தேடினார்கள்? பெடோம் எந்த மலை என்று எழுதி வைத்திருந்ததால்தான். அவர் எழுதாமல் விட்டிருந்தால், இப்படி ஒன்று தொலைந்து போனது என்பதே யாருக்கும் தெரியாது. தொலைஞ்சதுன்னு தெரிஞ்சாத்தானே தேடுவோம்!

இதையும் சொல்லணும்

அறிஞர் வரலாறுன்னா புகழ்ந்து மட்டும் எழுதணும்னு இல்லை. பெடோம் வேலை பார்த்தது வெள்ளைக்கார அரசுக்கு. காட்டைக் காத்ததில் மரம் வேணும் என்ற கணக்கும் இருந்தது. அவர் பணி முடிந்த அதே 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காலங்காலமாகக் காட்டில் வாழ்ந்த மக்கள், விறகு எடுக்கவும் மாடு மேய்க்கவும் அரசிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்தது. காட்டில் வழி காட்டிய, கல்லைப் புரட்டிக் கொடுத்த மலை மக்கள் பலரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. புத்தகத்தில் இருப்பது பெடோம் பெயர்தான். அவரை மதிக்கும்போது பெயர் தெரியாத அவங்களையும் சேர்த்து மதிக்கணும் என்பது என் கருத்து.

இன்னொன்று, அவர் பிடித்த உயிர்களைக் கொன்று ஸ்பிரிட் ஜாடியில் போட்டுத்தான் லண்டனுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் வேற வழி இல்லை. அந்த ஜாடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கு. புதுசாக ஒன்று கிடைத்தால் அதோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்கிறார்கள்.

கடைசிக் காலம்

இந்தியாவை விட்டுப் போன பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1883-இல் இந்தியா, இலங்கை, மலாய் தீபகற்பப் பெரணிகளைப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். 1886-இல்கூட நம்ம தென்கோடி மலைப் பாம்புகளைப் பற்றி எழுதிக்கொண்டு இருந்தார். 1911 பிப்ரவரி 23 அன்று, 80 வயதில், லண்டனில் காலமானார்.

அவர் பெயரில் தவளை இருக்கு, தேரை இருக்கு, பல்லி இருக்கு, அரணை இருக்கு, பாம்பு இருக்கு. திருப்பதி பக்கத்துச் சேஷாசலம் மலையில் மட்டும் வளரும் ஒரு சைகஸ் செடிக்கும் 1883-இல் அவர் பெயரை வைத்தார்கள். உலக நாடுகள் சேர்ந்து, வியாபாரம் செய்யக் கூடாது என்று மிகக் கடுமையாகப் பாதுகாக்கும் செடிகளில் அதுவும் ஒன்று.

நமக்கு என்ன?

நம்ம ஊரில் அரணை கடித்தால் மரணம் என்று ஒரு பேச்சு இருக்கு. அது சுத்தப் பொய். அரணைக்கு விஷமே கிடையாது. பூச்சி, புழு தின்று தோட்டத்துக்கு நல்லதுதான் செய்யும். அரணை கடிக்க வந்து, எதுக்கு வந்தோம் என்று மறந்து போய்விடும் என்றும் சொல்வார்கள். ஒரே ஆள் கொலைகாரனாகவும் மறதிக்காரனாகவும் எப்படி இருக்க முடியும்? எங்க தெருவில் போன மழைக்காலத்தில் வாசலுக்கு வந்த ஒரு அரணையை விளக்குமாற்றால் அடித்தே கொன்றார்கள். நாலு காலோடு ஓடுகிற அரணைக்கே இந்தக் கதின்னா, காலே இல்லாமல் பாம்பு மாதிரி நெளிகிற அரணைக்கு என்ன கதி?

அது வாழ்வதோ சில மலைகளில் மட்டும். அதன் வீடு ஈர மண்ணும் சருகும்தான். மேலே இருக்கும் மரத்தை வெட்டினால் மண் காயும். மண் காய்ந்தால் கீழே இருப்பது போகும். புலி போனால் பேப்பரில் வரும். சருகுக்குள் இருக்கும் அரணை போனால் யாருக்கும் தெரியாது. யாராவது முன்னாடியே குனிஞ்சு பார்த்து எழுதி வைத்திருந்தால் மட்டும்தான் தெரியும்.

அதனால் நண்பர்களே, நாம் எல்லாரும் பெடோம் ஆக வேண்டாம். இரண்டு காரியம் செய்தால் போதும். அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் தள்ளி நின்று பார்ப்போம். பார்த்ததைத் தேதி, இடம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்போம். உங்க வீட்டுப் பக்கம் என்ன பார்த்தீங்க என்று எழுதி நம்ம கேள்விப் பெட்டியில் போடுங்க. அடுத்த இதழில் ஒட்டலாம்.

(சார்ட் பேப்பர் பத்தாததால் இரண்டாவது தாளையும் ஒட்டியிருக்கேன். தயவுசெய்து யாரும் ஓரத்தைக் கிழிக்க வேண்டாம்!)

யோசித்துப் பாருங்க:

1. சென்னை மாகாண வனத்துறையும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் தொடங்கிய வருஷம் எது?
2. அறிவியல் பெயரில் திண்டுக்கல் உள்ள உயிர் எது?
3. பாம்புக்கு இல்லாமல், பெரும்பாலான அரணைகளுக்கு இருப்பது எது?

(விடை மேலேயே இருக்கு. மறுபடி படிங்க!)

— 9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு